பழைய துப்பாக்கியை வாசிப்பது எப்படி?



கொல்கத்தாவில் வாழும் நம்மில் பலர் சியால்தாவிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் இரயிலில் அன்றாடம் பயணம் செய்பவர்கள். அந்தப் பாதையில் டம்டம், பாரக்பூர், இச்சாப்பூர் என்று மூன்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. இராணுவத் துப்பாக்கியின் வரலாற்றில் இந்த மூன்று ஊர்களுக்கும் உலகறிந்த இடம் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் இச்சாப்பூர் என்ற பெயரை இரும்பில் பொறித்த எழுத்தாகப் படித்து அறிவார்கள். அதன் வழியே நாள்தோறும் போய்வரும் நமக்கோ அது பெரும்பாலும் இறங்காத ஒரு நிலையத்தின் பெயர்தான்.

பழைய துப்பாக்கியைச் சேகரிப்பதும் சுடுவதும் நமக்குத் தொடர்பில்லாத பணக்காரப் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். ஆனால் பட்டாளத்திலோ காவல் துறையிலோ பணியாற்றிய முன்னோர் உள்ள குடும்பங்களில், ஊர் வீட்டுப் பரணிலோ இரும்புப் பெட்டியிலோ ஒரு பழைய துப்பாக்கி கிடைப்பது அரிதான செய்தி அல்ல. அப்படிக் கிடைத்தால் பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள்: மறைத்து வைக்கிறார்கள், உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குகிறார்கள், அல்லது சுட்டுப் பார்க்கிறார்கள். முதலாவது சிறைக்குக் கொண்டுபோகலாம். இரண்டாவது வரலாற்றை அழிக்கும். மூன்றாவது கண்ணையோ உயிரையோ வாங்கலாம். நல்ல சேகரிப்பாளர் இம்மூன்றையும் செய்வதில்லை. அவர் முதலில் அதை வாசிக்கிறார். அந்த வாசிப்பைக் கற்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். உதாரணமாக, நம் நாட்டில் எல்லோரும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைக்கும் லீ என்ஃபீல்டு ரைபிளை எடுத்துக்கொள்வோம்.

1. மூன்று நிலையங்கள், மூன்று செய்திகள்

முதலில் பாரக்பூர். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்தபோது அதன் தோட்டா காகிதத்தால் சுற்றப்பட்டிருந்தது. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டைக் கம்பியால் உள்ளே தள்ள வேண்டும். குண்டு எளிதில் இறங்கக் காகிதத்தில் கொழுப்பு தடவியிருந்தார்கள். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி பரவியது. 1857 மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எதிர்த்தெழுந்தார். மே 10 அன்று மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்கள் இருந்தன என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் தீப்பொறியாக அமைந்தது ஒரு ரைபிளின் தோட்டா.

இரண்டாவது டம்டம். இங்கிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் 1890-களில் 303 ரைபிளுக்கென்று ஒரு புதுவகைக் குண்டு செய்தார்கள். அதன் முனையில் ஈயம் வெளியே தெரியும். உடலில் பட்டதும் விரிந்து பெரும் புண்ணை உண்டாக்கும். ‘டம்டம் குண்டு’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் இத்தகைய விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று உடன்பாடு ஏற்பட்டது. இன்று நாம் விமான நிலையத்தின் பெயராகச் சொல்லும் ஊர், அனைத்துலகச் சட்ட நூல்களில் ஒரு குண்டின் பெயராக நிற்கிறது.

மூன்றாவது இச்சாப்பூர். 1787-இல் இங்கே வெடிமருந்து ஆலை நிறுவப்பட்டது. அதே இடத்தில் 1904-இல் ரைபிள் தொழிற்சாலை எழுந்தது. இலண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு, பர்மிங்ஹாம், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆகிய இடங்களைப் போலவே லீ என்ஃபீல்டு ரைபிள் பிறந்த ஊர்களில் ஒன்றாக இதுவும் ஆனது.

2. ரைபிள் என்றால் என்ன?

எல்லாத் துப்பாக்கியும் ரைபிள் அல்ல. குழலின் உட்புறத்தில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டியிருந்தால்தான் அது ரைபிள். குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேராகச் செல்லும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் அதை வழுவழுக் குழல் துப்பாக்கி என்று சொல்லலாம். அதில் குறி நெடுந்தொலைவுக்கு நில்லாது.

லீ என்ஃபீல்டு என்ற பெயரில் ஒரு மனிதரும் ஓர் ஊரும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை செய்தவர். பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் போல்ட் அமைப்பையும், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மகசின் பெட்டியையும் வடிவமைத்தவர் அவர். 1888-இல் பிரிட்டிஷ் இராணுவம் இதை ஏற்றபோது குழலின் பள்ளங்கள் மெட்ஃபோர்டு என்ற பொறியாளரின் முறையில் ஆழமின்றி, விளிம்பு மழுங்கி இருந்தன. அப்போது கரிமருந்தே பயன்பட்டது. அதன் கரி அந்த மழுங்கிய பள்ளங்களில் அதிகம் படியாது. சில ஆண்டுகளில் கார்டைட் என்ற புகை குறைந்த மருந்து வந்தது. அதன் கடும் வெப்பத்தில் மெட்ஃபோர்டு பள்ளங்கள் விரைவில் தேய்ந்தன. ஆகவே 1895-இல் என்ஃபீல்டு தொழிற்சாலை வகுத்த ஆழமான ஐந்து பள்ள முறைக்கு மாறினார்கள். லீயின் போல்ட்டும் என்ஃபீல்டின் பள்ளமும் சேர்ந்து லீ என்ஃபீல்டு ஆயிற்று.

இங்கே நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கார்டைட் என்பது கயிறு போல நீண்ட இழைகளாகச் செய்யப்படும் மருந்து. நைட்ரோ கிளிசரினும் வெடிபஞ்சும் சிறிது பெட்ரோலிய ஜெல்லியும் சேர்ந்தது. இதைச் செய்வதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காட்டில் ஆலை அமைந்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை இரயிலில் போனவர்கள் அந்த நிலையத்தைக் கடந்திருப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் ‘கார்டைட் பேக்டரி’தான். மருந்து நீலகிரியில், தோட்டா புனே அருகே கிர்க்கியில், ரைபிள் வங்காளத்தின் இச்சாப்பூரில் என்று ஒரே ஆயுதத்திற்காக நாட்டின் மூன்று மூலைகள் வேலை செய்தன.

3. முத்திரைகளை வாசித்தல்

கோயில் கல்வெட்டில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருப்பது போல இராணுவ ரைபிளிலும் இருக்கும். லீ என்ஃபீல்டில் பார்க்க வேண்டிய முதல் இடம், கைப்பிடிக்கு முன்னால் கட்டையின் கழுத்தைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தின் வலப்பக்கம்.

மேலே ஒரு கிரீடம். அதன் கீழ் அரசரின் முதலெழுத்துகள். வி.ஆர். என்றால் விக்டோரியா, ஈ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் ஐந்தாம் அல்லது ஆறாம் ஜார்ஜ். இச்சாப்பூர் ரைபிளில் ஜி.ஆர்.ஐ. என்று மூன்றெழுத்து இருக்கும். மூன்றாவது எழுத்து ‘இம்பரேட்டர்’, அதாவது பேரரசர். அதன் கீழ் தொழிற்சாலையின் பெயர், பிறகு ஆண்டு, பிறகு மாதிரியின் எண். அம்பு முனையும் அதனடியில் ஐ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால் அது இந்திய அரசின் உடைமை என்று பொருள்.

நாடு குடியரசான பின் செய்த ரைபிள்களில் கிரீடம் இல்லை. அந்த இடத்தில் அசோகத் தூணின் சிங்கங்களும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் வந்தன. அதே தொழிற்சாலை, அதே இயந்திரங்கள், அதே ரைபிள். தலையில் மட்டும் அரசு மாறிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கு விடுதலையைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

போலியைக் கண்டுபிடிக்கவும் இந்த வாசிப்பே உதவுகிறது. கைபர் கணவாய்ப் பகுதியில் உள்ள தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் கையாலேயே லீ என்ஃபீல்டைப் பார்த்துச் செய்வது நெடுநாள் வழக்கம். ஆங்கிலம் அறியாத கொல்லர்கள் முத்திரையையும் படமாகவே பார்த்து வெட்டியதால் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலமாகவும் இருக்கும். எழுத்து சரியாக இருந்தாலும் காலம் காட்டிக்கொடுக்கும். குழல் குட்டையான லீ என்ஃபீல்டின் மூன்றாம் மாதிரி 1907-இல் ஏற்கப்பட்டது. விக்டோரியா அரசி மறைந்தது 1901-இல். அப்படியானால் அந்த மாதிரியின் மேல் வி.ஆர். என்றிருந்தால் என்ன பொருள்? ஆள் மறைந்த பின் அவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் என்றுதான் பொருள்.

முத்திரை இல்லாத இடத்திலும் வாசிக்கலாம். 1857-க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி செய்யப்பட்டது. வெளியே பார்த்தால் என்ஃபீல்டு ரைபிள் போலவே இருக்கும். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பள்ளங்கள் இரா. தேய்ந்து போனதாக நினைத்துவிடக் கூடாது. வேண்டுமென்றே வழுவழுவென்று செய்யப்பட்டது. வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்கு உள்ள தொலைவும் குறியும் இந்தியச் சிப்பாயின் துப்பாக்கிக்கு இருக்கக் கூடாது என்பதே நோக்கம். ஆட்சியாளரின் அவநம்பிக்கை அந்தக் குழலின் உட்புறத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் இச்சாப்பூரிலேயே லீ என்ஃபீல்டுகளின் குழலை 410 அளவு வழுவழுக் குழலாக மாற்றி, ஒரு தோட்டா மட்டும் போடும்படி செய்து, காவல் பணிகளுக்குக் கொடுத்ததும் உண்டு.

இதற்கு மாறான ஒரு செய்தியும் உண்டு. 1914-இல் முதல் உலகப் போருக்காக இந்தியப் படை பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, கையோடு கொண்டுவந்த ரைபிள்களைக் கொடுத்துவிட்டுப் புதிய மாதிரியைப் பெற்றது. ஐரோப்பியப் போர்க்களத்தில் ஆள் தேவைப்பட்டபோது அந்த அவநம்பிக்கை ஒதுக்கி வைக்கப்பட்டது.

4. சேகரிப்போர் எதற்கு மதிப்புத் தருகிறார்கள்?

லீ என்ஃபீல்டின் உடல், போல்ட், குழல், குறிபார்க்கும் தகடு, மூக்குத் தொப்பி, முன் கட்டை ஆகிய பாகங்களில் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் அந்த ரைபிள் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே உள்ளது என்று கொள்ளலாம். எண்கள் மாறியிருந்தால் பழுது பார்க்கும்போது வேறு ரைபிளின் பாகம் வந்திருக்கிறது. அது குற்றமல்ல, அதுவும் வரலாறுதான். ஆனால் போல்ட்டின் எண் மாறியிருந்தால் அது பாதுகாப்பையும் தொடுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

டி.பி. என்ற எழுத்துகள் இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் உரியது, சுடத் தகாதது என்று தள்ளிவைக்கப்பட்ட ரைபிள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த பலர் கனமான ஒரு ரைபிளைத் தோளில் சுமந்து நடந்திருப்பார்கள். அது பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். முன் கட்டையைச் சுற்றிச் செம்புக் கம்பி இறுகச் சுற்றியிருந்தால் அது கையெறிகுண்டு வீசுவதற்காக வலுவூட்டப்பட்டது.

சேகரிப்பின் முதல் விதி: தேய்க்காதே. உப்புத்தாளும் சாணைக்கல்லும் துருவோடு முத்திரையையும் எடுத்துவிடும். போன எழுத்து திரும்ப வராது. துரு மேலும் பரவாமல் இருக்க மெல்லிய எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் போதும். மரக்கட்டைக்கு வார்னிஷ் பூசக் கூடாது. இராணுவத்தில் பயன்பட்டது ஆளி விதை எண்ணெய்தான். கட்டையில் உள்ள கீறலும் வெட்டும் அந்த ரைபிள் நடந்து வந்த பாதை. அவற்றை நிரப்பினால் பாதையை அழித்தவர்கள் ஆவோம். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம். இது வேறு இனம்.

5. சுடுவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் ரைபிள் போட்டிகள் நடந்து வருகின்றன. பழைய இராணுவ ரைபிள்களுக்கென்றே அங்கு தனிப் போட்டிகள் உண்டு. வெளிநாடுகளில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கைத் தெரிந்துகொண்டால், பரணில் கிடந்த துப்பாக்கியை ‘சும்மா ஒரு தடவை’ சுட்டுப் பார்ப்பது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும்.

முதற்கேள்வி: எந்த மருந்துக்குச் செய்யப்பட்டது? 1871-இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி ஹென்றியும் அதற்கு முந்தியவையும் கரிமருந்துக்கு உரியவை. கரிமருந்து மெதுவாகத் தள்ளும். அதே குழலில் புகையற்ற மருந்தைப் போட்டால் அழுத்தம் தாங்காமல் குழல் வெடிக்கக்கூடும். எனவே விவரம் அறிந்தவர்கள் இரண்டையும் ஒருபோதும் மாற்றிப் போடுவதில்லை.

இரண்டாம் கேள்வி: தோட்டாவின் விளிம்பு அமரும் இடைவெளி சரியா? 303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. குழலின் பின் முகத்திற்கும் போல்ட் தலைக்கும் நடுவே அந்த விளிம்பு அமர்கிறது. அந்த இடைவெளி 0.064 அங்குலத்திற்குக் குறையாமலும் 0.074 அங்குலத்தை மீறாமலும் இருக்க வேண்டும் என்பது இராணுவ அளவு. கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு நீண்டு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். வேறு ரைபிளின் போல்ட்டைப் போட்டால் இந்த இடைவெளி மாறிவிடும். எண் ஒத்திருக்க வேண்டும் என்று சேகரிப்போர் வற்புறுத்துவது வெறும் அழகுக்காக அல்ல.

மூன்றாம் கேள்வி: எந்தத் தோட்டா? 1962 சீனப் போருக்குப் பின், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று இச்சாப்பூர் ஒரு லீ என்ஃபீல்டைச் செய்தது. 2ஏ, பிறகு 2ஏ1 என்று பெயர். தொலைவிலிருந்து பார்த்தால் 303 போலவே இருக்கும். மகசின் பெட்டி மட்டும் சற்றுச் சதுரமாக இருக்கும். பழைய 303-ஐக் குழல் மாற்றிச் செய்தது என்று பலர் நினைப்பது தவறு. வலுவான எஃகில் புதிதாகவே செய்யப்பட்டது. கழுத்து வளையத்தில் 7.62 என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தைப் படிக்காமல் தோட்டாவைத் தேடுவது, சீட்டைப் படிக்காமல் மருந்து சாப்பிடுவது போன்றது.

நான்காம் கேள்வி: குழல் திறந்திருக்கிறதா? உள்ளே குளவிக்கூடு இருக்கலாம். ஒட்டிய துணி இருக்கலாம். என்றோ சிக்கிய குண்டே இருக்கலாம். அடைபட்ட குழலில் சுட்டால் குழல் பிளக்கும்.

இத்தனையும் பார்த்த பின்பும் அனுபவமுள்ள துப்பாக்கி வினைஞர் முதல் தோட்டாவைத் தம் தோளில் வைத்துச் சுடமாட்டார். ரைபிளைச் சட்டத்தில் இறுகக் கட்டி, விசையில் நீண்ட கயிறு பூட்டி, மறைவில் நின்று இழுப்பார். பிறகு பித்தளைக் கூட்டை எடுத்து அதில் கீறலோ வீக்கமோ உண்டா என்று பார்ப்பார். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. பழைய தோட்டா சற்றுத் தாமதித்து வெடிப்பதுண்டு. குழலை இலக்கை நோக்கியே வைத்துக் குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சுட்ட பிறகும் ஒரு பாடம் உண்டு. பழைய இராணுவத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் சிப்பாய்கள் குழலில் கொதிநீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் விட்டார்கள். கட்டையின் அடியில் உள்ள சிறு கதவைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும், பித்தளைக் குண்டு கட்டிய துடைப்புக் கயிறும் இருக்கும். இரும்பைத் தண்ணீரில் கழுவுவதா என்று வியப்பவர்கள், சென்னைக் கடற்கரை வீட்டின் சன்னல் கம்பிகளை நினைத்துப் பார்க்கலாம். எண்ணெயை உப்பின் மேல் பூசினால் உப்பு உள்ளேயே நிற்கும்.

6. நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் 1898-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியை அந்நாட்டு மத்தியச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. இங்கிலாந்தில் பழம்பொருளை அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். சுட நினைத்தால் சான்றிதழ் வேண்டும். அங்குள்ள நண்பரோ உறவினரோ சொல்வதைக் கேட்டு நாம் இங்கே நடக்கக் கூடாது.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்தின்படி இதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. இராணுவத் தோட்டாவின் அளவு என்பதால் 303 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட வகையில் அடங்கும். தடை செய்யப்பட்ட வகைக்குத் தண்டனை இன்னும் கடுமை: ஏழு முதல் பதினான்கு ஆண்டுகள். இதனால்தான் தனியாருக்கென்று 315 அளவு ரைபிளை இச்சாப்பூர் தனியாகச் செய்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருந்தாலும் ஒன்றின் தோட்டா மற்றதில் சேராது. இராணுவத் தோட்டா வெளியே கசிந்தாலும் தனியார் துப்பாக்கியில் பயன்படக் கூடாது என்பது ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு.

விலக்கும் உண்டு. சட்டத்தின் 45-ஆம் பிரிவு, சுடும் திறன் இல்லாத பழைய மாதிரி ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட விதிகளும் பழம்பொருள் வகைத் துப்பாக்கிகளை வைத்திருப்பதற்குச் சலுகை தருகின்றன; ஆனால் எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் உரிமம் வேண்டும் என்கின்றன. உங்கள் வீட்டுத் துப்பாக்கி அந்த வகையில் சேருமா என்பதை நீங்களே தீர்மானிக்கக் கூடாது. உரிமம் வழங்கும் அதிகாரியின் எழுத்து வேண்டும். கொல்கத்தா மாநகரில் காவல் ஆணையர். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியர்.

நூறாண்டு கடந்த பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. வெளிநாட்டில் உள்ள மகனுக்குத் தாத்தாவின் நினைவாகப் பொதி கட்டி அனுப்பலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

7. வீட்டில் கிடைத்தால்

ஒன்று: குண்டு நிரம்பியிருக்கிறது என்றே எண்ணுங்கள். விசையைத் தொடாதீர்கள். குழல் யாரையும் நோக்காதபடி இருக்கட்டும். பிள்ளைகளை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள்.

இரண்டு: துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்திற்குப் போகாதீர்கள். இரயிலில் கொண்டுவருவது பற்றி நினைக்கவே வேண்டாம். உள்ள இடத்திலேயே வைத்து, அந்தப் பகுதிக் காவல் நிலையத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள்.

மூன்று: முன்னோரின் பழைய உரிமத்தைத் தேடுங்கள். உரிமம் பெற்றவர் மறைந்தால் வாரிசு காலம் தாழ்த்தாமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு என்ற முறையில் உரிமம் கோரி விண்ணப்பிக்க 2016 விதிகளில் வழியுண்டு.

நான்கு: ஒப்படைக்கும் முன் அதிகாரியின் அனுமதியோடு முத்திரைகளைப் படமெடுத்து, எண்களையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். அதைப் பயன்படுத்தியவர் யார், எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். துப்பாக்கி போனாலும் அந்தப் பக்கம் குடும்பத்தில் இருக்கும்.

சுடும் ஆர்வம் உள்ள இளைஞர்களுக்கு நேரான பாதை இருக்கிறது. தேசிய ரைபிள் சங்கத்தோடு இணைந்த கழகங்களில் காற்று ரைபிளிலும் 22 ரைபிளிலும் முறையான பயிற்சி பெறலாம். இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் அந்த வாயில் வழியே வந்தவர்கள்தான்.

உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு 303-க்கு விடை கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்நாட்டில் உழைத்த இரும்பு, காவலர்களின் தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அருங்காட்சியகத்திற்கு வருபவை சில. மற்றவற்றின் எழுத்து அவற்றோடு போகும். அடுத்த முறை பிள்ளைகளோடு ஆயுதக் கூடத்தைப் பார்க்கப் போகும்போது, ‘எவ்வளவு பெரிய துப்பாக்கி’ என்று கடந்துவிடாமல் கண்ணாடிக்கு அருகே குனிந்து கழுத்து வளையத்தைப் பாருங்கள். கிரீடமா, சிங்கமா என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு ரைபிளில் அசோகச் சிங்கமும் 7.62 என்ற எண்ணும் உள்ளன. இது எந்தப் போருக்குப் பின் செய்யப்பட்டது?

2. மூன்றாம் மாதிரி லீ என்ஃபீல்டில் வி.ஆர். என்று பொறித்திருக்கிறது. நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

3. பழைய இராணுவத் தோட்டாவைச் சுட்ட குழலுக்கு முதலில் எண்ணெயா, தண்ணீரா? ஏன்?

4. பார்வைக்கு 1850-களின் என்ஃபீல்டு போல உள்ள துப்பாக்கியின் குழலில் பள்ளங்கள் இல்லை. தேய்மானத்தைத் தவிர வேறென்ன காரணம் இருக்கலாம்?

விடைகள்: 1. 1962 சீனப் போருக்குப் பின். 2. அது கைபர் பகுதிப் போலியாக இருக்கக்கூடும். 3. தண்ணீர், உப்பை எண்ணெய் கரைக்காது. 4. 1857-க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்காக வேண்டுமென்றே வழுவழுக் குழலாகச் செய்யப்பட்டது.